மருந்துக்கும் வேளை உண்டு

வானகரத்தில் மாலை வேளையில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போனால், கரியடுப்பில் மக்காச்சோளக் கதிர் வாட்டும் மணம் மூக்கைத் துளைக்கும். உப்பும் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சம்பழமும் தடவிய கதிரை வாங்கிக் கடித்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். மக்காச்சோளம் விளைந்து கைக்கு வருவதற்கு எத்தனை கண்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. நானும் யோசித்தவனல்ல. என்னிடம் படித்த பையன் ஒருவன்தான் யோசிக்க வைத்தான்.

அவன் பெரம்பலூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இங்கே மாமன் வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தான். தகப்பனார் காலமான பிறகு ஊருக்குத் திரும்பி, மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் பயிர் செய்கிறான். சென்ற வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத் துணியில் சுற்றிய இலைகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஸார், நீங்கள் தாவர சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தவராயிற்றே! இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்றான்.

இலைகளில் நீள வாட்டில் வெளிறிய மஞ்சள் கோடுகள் ஓடியிருந்தன. விதைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஊர் மருந்துக் கடைக்காரர் விலையுயர்ந்த மருந்து ஒன்றைக் கடனாகத் தருவதாகவும், அறுவடையில் கழித்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். பையன் கையெழுத்துப் போடத் தயாராகவே இருந்தான்.

"விடியற்காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தாயா, அப்பா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஸார்."

மக்காச்சோள இலை இப்படி வெளுப்பதற்குக் காரணம் ஒன்று மட்டுமல்ல. மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் இளம் இலையில் வெள்ளைப் பட்டை விழும். அதற்கு வேண்டியது துத்தநாக ஸல்பேட். பூஞ்சண மருந்தைக் குடம் குடமாகக் கொட்டினாலும் பலனில்லை. அடிச்சாம்பல் நோயாக இருந்தால், பனி காயுமுன் இலையின் அடியில் வெள்ளைப் பொடி படர்ந்திருக்கும். வெயில் ஏறியபின் பார்ப்பவனுக்கு அது தென்படாமலே போகலாம். பையன் அன்றிரவே பஸ் ஏறினான். மறுநாள் சூரியன் உதிக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைத்தான். "சாம்பல் இருக்கிறது, ஸார்" என்றான்.

இந்த நோயின் குணம் விசித்திரமானது. இளம் பயிராக இருக்கும் முதல் சில வாரங்களில்தான் அது எளிதில் தொற்றும். உள்ளே புகுந்து குருத்தைப் பிடித்துவிட்டால், செடி நின்றுகொண்டே இருக்கும், கதிர் வைக்காது. நெல்லில் ஒரு செடி போனால் பக்கத்துச் செடி தூர் கட்டி ஓரளவு ஈடு செய்யும். மக்காச்சோளம் அப்படித் தூர் கட்டுவதில்லை. செடி ஒன்றுக்குப் பெரும்பாலும் கதிர் ஒன்றுதான். இரண்டடி வரிசையில் பத்து அங்குலத்துக்கு ஒரு செடி என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 26,000 செடிகள். அவற்றில் நூற்றுக்குப் பத்து மலடானால் ஏறக்குறைய 2,600 கதிர்கள் போயிற்று.

என்னிடம் இருப்பது ஏட்டுப் படிப்பு. ஆகையால் அவனை வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்தவர்களின் கேள்வி வேறாக இருந்தது: "விதையை நேர்த்தி செய்தாயா?" விதைக்குமுன் மெட்டலாக்ஸில் என்ற மருந்தை விதையில் தடவியிருந்தால் நோய் பெரும்பாலும் தலை காட்டியிராது. பையன் செலவைக் குறைக்க எண்ணி, அடுத்த ஊரில் ஒருவர் எடுத்து வைத்திருந்த விதையைச் சீட்டும் பையுமில்லாமல் வாங்கி விதைத்திருந்தான். மலடான செடியில் இனித் தெளிப்பதால் கதிர் வராது, எஞ்சிய பயிரும் ஆபத்தான பருவத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே நோய்ச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டுக் காசைக் கையில் வைத்துக்கொள் என்றார்கள். கடைக்காரரின் காகிதத்தில் அவன் கையெழுத்துப் போடவில்லை.

இந்த யோசனைகளுக்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. நம் வானகரத்துக்குச் சில மைல் தூரத்திலுள்ள சைதாப்பேட்டையில் 1868-இல் ஆரம்பித்த விவசாயப் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாக வளர்ந்தது. அடிச்சாம்பலைத் தாங்கும் மக்காச்சோள வகைகளை அங்கே பொறுக்கி எடுத்து வருகிறார்கள்.

விதையைப் பற்றிய முடிவு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்கா ஒரு சாட்சி. 1970-இல் அங்கே மக்காச்சோள நிலத்தில் பெரும்பகுதியில் ஒரே தாய்வழியில் வந்த வீரிய விதையை விதைத்திருந்தார்கள். அந்த விதைக்கென்றே பிறந்தாற்போல் ஒரு கருகல் நோய் வந்து, தேசத்து விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவிகிதத்தைக் கொண்டு போயிற்று. மருந்தைப் பற்றிய படிப்பினையும் அந்நாட்டிலேயே உண்டு. டெக்ஸாஸ் மாகாணத்துச் சோள வயல்களில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மெட்டலாக்ஸிலுக்கே அடங்காத அடிச்சாம்பல் கிளம்பியது. ஒரே மருந்தை எப்பொழுதும் நம்பியிருக்கலாகாது.

கார்த்திகையில் பையன் மறுபடியும் அழைத்தான். பூ வாங்கும் சமயம். அடி இலைகளில் சுருட்டைப் போல நீண்ட பழுப்புப் புள்ளிகள் கண்டிருந்தன. இது வேறு வியாதி, இலைக்கருகல். இதற்குத் தெளிப்பு மருந்து உண்டு. அதற்கும் வேளை உண்டு. கதிரில் பால் ஏறி மணி முற்றுவதற்கு வேண்டிய உணவைப் பெரும்பாலும் சமைப்பவை கதிரை ஒட்டிய இலைகளும் அதற்கு மேலுள்ளவையுமே. பூக்கும் தறுவாயில் பாதிச் செடிகளில், கதிர் இலைக்குக் கீழே மூன்றாவது இலை வரையில் புள்ளி ஏறியிருந்தால் தெளிக்கலாம் என்பது அமெரிக்க விவசாயக் கல்லூரிகள் சொல்லும் கணக்கு. மணி முற்றியபின் தெளிப்பது பணத்தைக் காற்றில் விடுவதே. அவன் நூறு செடிகளை எண்ணிப் பார்த்தான். புள்ளி அடி இலைகளோடு நின்றிருந்தது. மழையும் ஓய்ந்தது. நிலையத்தாரும் வேண்டாமென்றார்கள், அவன் தெளிக்கவில்லை.

கடைசிக் கண்டம் களத்தில் காத்திருந்தது. அறுத்த மணியில் ஈரம் 14 சதவிகிதத்துக்கு மேல் தங்கினால் பூஞ்சணம் பூத்து நஞ்சு ஊறும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறத்துப் பழங்குடிக் கிராமங்களில் அவ்வாறு கெட்ட மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு மாண்டார்கள். நம் மாகாணத்து மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனமாகப் போகிறது. நாமக்கல் முட்டையின் வழியாக நம் சமையலறைக்கும் அதில் பங்குண்டு. வயலில் தெளித்த எந்த மருந்தும் ஈரக் களஞ்சியத்தைக் காப்பாற்றாது. வெயிலும் தார்ப்பாயுமே அதற்கு மருந்து. தையில் தூறல் போட்ட இரண்டு நாளும் பையன் களத்திலேயே படுத்தானாம்.

நல்ல விதை விதைத்த பக்கத்து நிலத்துக்காரரைவிட அவனுக்கு ஏக்கருக்குச் சில மூட்டைகள் குறைவுதான். ஆனால் விற்ற பணம் மருந்துக் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தது.

இந்தப் புரட்டாசியில் மறுபடியும் தொலைபேசி மணி அடித்தது. "ஸார், விதைப் பையின் சீட்டை வாசிக்கிறேன், கேளுங்கள்" என்று வகையின் பெயர், நேர்த்தி செய்த மருந்து, கெடு முடியும் தேதி எல்லாவற்றையும் வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல் வாசித்தான்.

"வாங்கிவிட்டாயா?" என்றேன்.

"இல்லை, ஸார். இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறேன்" என்றான்.