பிரேக் ஒயிலும் நீர் குடிக்கும்

ஓட்டோவோ வானோ ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகளுக்காக இம்மாதம் பிரேக் பற்றி எழுதுகிறேன். நான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை வானில் ஏற்றிச் செல்பவள். மேடும் இறக்கமுமான இந்த ஊரில் என் முதல் கவலை பிரேக்தான்.

கடுகண்ணாவை இறக்கத்திலோ மஹியங்கனை வீதியின் வளைவுகளிலோ பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் சில்லுப் பக்கம் நெருப்பாய்ச் சுடும். அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்கும் ஏறும். பெயர்தான் ஒயில், உண்மையில் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் நசுங்காது, குமிழ் நசுங்கும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள். ஒயிலை 2 வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

குழாயில் காற்றுப் புகுந்தாலும் இதே கதைதான். அதை வெளியேற்றுவதைத்தான் கராஜில் 'எயார் எடுப்பது' என்பார்கள். இருவர் வேலை அது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லின் பின்னாலுள்ள நிப்பிளைச் சற்றுத் தளர்த்துவார். நிப்பிளில் மாட்டிய மெல்லிய குழாயின் மறுநுனி, போத்தலிலுள்ள பிரேக் ஒயிலில் மூழ்கியிருக்க வேண்டும். குமிழ் வரும். நிப்பிளை இறுக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழ் நிற்கும்வரை ஒவ்வொரு சில்லிலும் இதுதான். இடையில் மேலே ஒயில் டாங்கி வற்றினால் முழு வேலையும் முதலிலிருந்து!

தெரிந்தவரிடம் செய்விப்பதே நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று பழைய போத்தலில் மிஞ்சியதை ஊற்றுபவர்களும் உண்டு. மூடி உடையாத போத்தலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். வடிந்த ஒயிலைத் திரும்ப ஊற்ற விடாதீர்கள். எஞ்சின் ஒயில் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. உள்ளேயுள்ள றப்பர்கள் ஊதிப் பழுதாகும்.

பிரேக் ஒயில் பட்டால் பெயின்ற் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் நீண்ட நேரம் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள். அது நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கவே வேண்டாம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.