‘போர்டு போச்சு’ என்பது பதில் ஆகாது

டி.வி. ரிப்பேருக்கு ஆள் வந்தால் இப்போதெல்லாம் ஒரே வசனம்தான். "சார், போர்டு போச்சு." பின்பக்க மூடியைக் கழற்றாமலே இதைச் சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். விலை கேட்டால் ஏழாயிரம், எட்டாயிரம் என்பார்கள். அடுத்த வசனமும் தயாராக இருக்கும்: "இதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம் சார்." பென்ஷன் வாங்கும் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிற வீடு என்றால் பேச்சு அதோடு முடிந்தது. மாதக் கடைசியில் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவோம், அல்லது தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

‘போர்டு போச்சு’ என்பதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. வயிற்று வலி என்று போகிறோம். டாக்டர் கையைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் "உடம்பு போச்சு" என்று சொன்னால் சும்மா இருப்போமா? எங்கே, என்ன, எவ்வளவு என்று சொல்ல வேண்டாமா? டி.வி. போர்டு விஷயத்தில் அதைச் சொல்லுகிற கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுதான் மல்டிமீட்டர். அதைத் தொடாமல் ஒருவர் சொல்லும் தீர்ப்புக்கு நாம் காசு கொடுக்கத் தேவையில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. புதுவையில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில். எங்கள் பௌதிக வாத்தியார் ஆந்த்ரே மரி ஆம்பேர் என்ற பெயரைச் சொல்லும்போது, லியோன் நகரத்துக்காரர் என்று சேர்த்துத்தான் சொல்வார். அவர் பெயரில் வந்ததுதான் ஆம்பியர். வோல்ட் என்பது இத்தாலியரான வோல்டாவின் பெயர். ஓம் என்பது ஒரு ஜெர்மானியரின் பெயர். இந்த மூன்றையும் அளக்க மூன்று கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்த காலத்தில், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைக்க யோசனை செய்தவர் டொனால்ட் மெக்கடி. அவர் பிரிட்டிஷ் தபால் துறையில் இன்ஜினியராக இருந்தவர். 1923-இல் அது ‘ஏவோமீட்டர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆம்ப், வோல்ட், ஓம் ஆகிய மூன்றின் முதல் எழுத்துக்கள்தான் அந்த ஏ-வி-ஓ. மல்டிமீட்டருக்கு மூதாதை ஓர் அரசாங்க ஊழியர் செய்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன பெருமை.

மீட்டர் என்ன செய்கிறது என்பது ஆபீஸில் கோப்பு தேடியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு மனு தபால் பிரிவில் பதிவாகி உள்ளே வருகிறது. குமாஸ்தா, சூப்பிரண்டு, அதிகாரி என்று மேசை மேசையாகப் போக வேண்டும். வெளியே வரவில்லை என்றால் என்ன செய்வோம்? எந்த மேசை வரைக்கும் வந்தது, எந்த மேசையிலிருந்து நகரவில்லை என்று பதிவேட்டைப் புரட்டுவோம். ‘ஆபீஸே கெட்டுப்போச்சு, புது ஆபீஸ் கட்ட வேண்டும்’ என்று யாரும் குறிப்பு எழுத மாட்டோம்.

டி.வி.க்குள்ளும் அதேதான். சுவரிலிருந்து 230 வோல்ட் ஏ.சி. வருகிறது. முதல் மேசை ஃபியூஸ். அடுத்தது நான்கு டையோடுகள் சேர்ந்த பிரிட்ஜ், அது ஏ.சி.யை டி.சி. ஆக்கும். பக்கத்தில் தடியாக ஒரு கெபாசிட்டர். அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும். அங்கிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறங்கிப் பல கிளைகளாகப் பிரியும். பொதுவாக, சிவப்பு விளக்கு எரிகிற ஸ்டாண்ட்பை நிலைக்கு 5 வோல்ட், மெயின் போர்டுக்கு 12 வோல்ட், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டைகளுக்கு அதைவிட உயர்ந்த ஒரு வோல்டேஜ். செட்டுக்குச் செட்டு கொஞ்சம் மாறும். எந்தக் கம்பியில் எவ்வளவு வர வேண்டும் என்று பல போர்டுகளில் கனெக்டர் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். மீட்டரை வைத்து வரிசையாகப் பார்த்தால், எது வரைக்கும் வந்தது, எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டு 32 அங்குல செட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரியும். ரிமோட்டை அழுத்தினால் ஒரு நொடி உயிர் வந்து, மறுபடி அடங்கிவிடும். முதலில் வந்தவர் வழக்கமான வசனத்தைச் சொல்லி 7,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, தெருக்கோடியில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, பெரிய கெபாசிட்டரின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, முதலில் கண்ணால் பார்த்தார். பிறகு கரண்ட் கொடுத்து மீட்டரை வைத்தார்.

"ஐயா, இங்க பாருங்க. ஸ்டாண்ட்பை 5 வோல்ட் நிக்குது. இப்ப ரிமோட்டை அழுத்துங்க. 12 வர வேண்டிய இடத்துல 7-க்கு இறங்கிடுது. லோடு தாங்கல."

12 வோல்ட் பாதையில் இருந்த இரண்டு கெபாசிட்டர்களின் தலை லேசாக உப்பியிருந்தது. அவற்றை எடுத்துவிட்டு, அதே மைக்ரோஃபாரட் அளவில், 105 டிகிரி வெப்பம் தாங்குகிற புதியவற்றைப் போட்டார். செட் ஓடியது. பாகம் இரண்டும் சேர்ந்து 30 ரூபாய், கூலி 400. நான் 500-ஆகக் கொடுத்தேன். அந்தக் கூலி பற்ற வைத்ததற்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 5 நிற்கிறது, 12 நிற்கவில்லை என்று கண்டுபிடித்த அறிவுக்கும் சேர்த்துத்தான்.

மீட்டர் எல்லாவற்றையும் பிழைக்க வைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. திரையில் செங்குத்தாகக் கோடு விழுந்து, கோளாறு பேனலிலேயே இருந்தால் தெருக்கடையில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மெயின் போர்டில் பெரிய சிப் போய்விட்டாலும் கஷ்டம். சில கெபாசிட்டர்கள் வெளியே நன்றாக இருந்து, சாதா மீட்டரிலும் சரியாகக் காட்டி, உள்ளே கெட்டிருக்கும். ஆனால் ‘இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்’ என்று சொல்வதற்கும் அளந்து பார்த்த ஆள்தான் வேண்டும். அப்படி அளந்துவிட்டு அந்தத் தெருக்கடைத் தம்பி ‘முடியாது’ என்று சொன்னால் நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வருகிற பையன்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பழைய வால்வு ரேடியோ காலத்தில் பல செட்டுகளுக்குக் கூடவே சர்க்யூட் வரைபடம் கிடைக்கும். இன்று வெளிக்கடை மெக்கானிக்குக் கம்பெனிகள் வரைபடம் கொடுப்பது அபூர்வம். ஒரு நாளில் இத்தனை வீடு போய்வர வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கிற பையனுக்கு, முழு போர்டை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. கோளாறைத் தேடினால் அரை நாள் போகும். அவனிடம் மீட்டர் இருந்தாலும் உட்கார்ந்து அளக்க நேரம் இல்லை.

இதற்கு அரசாங்கங்கள் வழி செய்ய முடியும். பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் கடைகளில் கவனித்திருக்கலாம். 2021 ஜனவரி 1 முதல் அங்கே டி.வி., லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றின் விலைச்சீட்டுப் பக்கத்தில் 10-க்கு இத்தனை என்று ஒரு மார்க் இருக்கிறது. எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்பதற்கான மார்க் அது. ரிப்பேர் விவரம் கொடுக்கிறார்களா, கழற்ற முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை நியாயமா என்றெல்லாம் பார்த்துப் போடுகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து டி.வி.க்கு, எத்தனை காலம் உழைக்கும் என்பதையும் சேர்த்து மார்க் போடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு தொடங்கியிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ பற்றி ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் நான் கேட்பது இன்னும் எளிமையானது. சர்க்யூட் வரைபடமும், சின்ன உதிரிபாகங்களும் தெருக்கடைத் தம்பிக்கும் கிடைக்க வேண்டும். டி.வி. வாங்கும்போதே அதன் ரிப்பேர் மார்க் என் கண்ணில் பட வேண்டும்.

அதுவரை, என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை.

மூடியை நீங்கள் கழற்றாதீர்கள். அந்த 325 வோல்ட் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கை நடுங்குகிற வயதில் அந்த விளையாட்டு வேண்டாம்.

மூடியைத் தொடாமல் பார்க்கக்கூடியவை உண்டு. ரிமோட் பாட்டரி புதிதில் 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 1.2-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். செட்-டாப் பாக்ஸின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அதன் முனையில் பாருங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் குற்றவாளி அடாப்டர்தான், பாவம், டி.வி.யை ஏன் திட்ட வேண்டும்? சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டில் திரைக்கு மிக அருகே டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. பின்னாலிருக்கும் விளக்குப் பட்டையோ அதற்கு வரும் வோல்டேஜோ போயிருக்கிறது. ஒரு பட்டையில் எல்.இ.டி.கள் மாலை மாதிரி வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும்.

ரிப்பேருக்கு ஆள் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வோல்டேஜ் வரவில்லை? எந்தப் பாகம் கெட்டிருக்கிறது? போர்டை மாற்றினால் பழைய போர்டை எங்களிடமே தருவீர்களா? மரியாதையாக, "தம்பி, மீட்டர் வச்சுக் காட்டுங்களேன்" என்று கேட்டால் போதும். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். தெரியாதவர் வேறு அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். இரண்டிலும் நமக்கு நஷ்டமில்லை.

உங்கள் தெருவில் மீட்டரும் சால்டரிங் அயனும் வைத்துக்கொண்டு இன்னும் கடை நடத்துகிறவர் யாராவது இருந்தால், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவரும் கடையை மூடிவிட்டால், பிறகு நமக்குக் கேட்கக் கிடைப்பது அந்த ஒரே வசனம்தான்.