மாடிக்கு மாடி லேன் கேபிள்: மின்னலுக்கு நாமே போடும் பாதை

புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய வீடுகள் பல விடுதிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. பக்கத்துக் கட்டடத்துக்கும் இன்டர்நெட் வேணுமா? மொட்டை மாடி வழியா ஒரு லேன் கேபிளை இழுத்துவிட்டா போச்சு என்கிறார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

லேன் கேபிளுக்குள் இருப்பது செம்புக் கம்பி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மின் இணைப்பு, தனி எர்த். பக்கத்தில் மின்னல் விழுந்தாலோ, ஒரு கட்டடத்தில் மின்கசிவு ஏற்பட்டாலோ, இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தம் வேறுபடும். அந்த மின்சாரம் கேபிள் வழியாகப் பாயலாம். ஸ்விட்சும் கணினியும் எரியலாம். கேபிளைத் தொட்டவருக்கு உயிராபத்து.

தீர்வு ஃபைபர் கேபிள். அதில் போவது ஒளி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. செம்புக் கேபிளுக்கு உள்ள 100 மீட்டர் வரம்பும் இதற்கு இல்லை. இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் போதும். சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள். அது இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் ஐப்பசி இடிமழை வருஷம் தவறாமல் வரும் ஊர் இது. கட்டட உரிமையாளர்கள் மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இடி இடிக்கும்போது மட்டும் கேபிளைக் கழற்ற மாடிக்கு யாரையும் அனுப்பாதீங்க.