களிமண்ணைப் பிள்ளைகளுக்கு மருந்தாக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

இந்தக் கோடை விடுமுறையில் மட்டும் மூன்று பேர் எனக்கு ஒரே மாதிரி விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அதிகம் பேசாமல் தனக்குள்ளேயே இருக்கும் பிள்ளையா, மண்பாண்டம் வனைய அனுப்புங்கள், தன்னைத் தானே கண்டுகொள்ளும் என்கிறது விளம்பரம். இரண்டு மணி நேரம். ஏப்ரன் இலவசம், கட்டணம்தான் ஆயிரக்கணக்கில். அனுப்பியவர்களில் ஒருத்தி என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். "டீச்சர், என் மகள் யாரோடும் பேசமாட்டேங்கிறா, சேர்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

மண்ணைத் தொடட்டும், தாராளமாகத் தொடட்டும். ஆனால் பேசாமல் இருப்பது நோய், அதற்கு மண் மருந்து என்று நினைத்து அனுப்பாதீர்கள். கையைத் தூக்கிக் கத்துகிற பிள்ளை கெட்டிக்காரன், பின் பெஞ்சில் சும்மா இருக்கிற பிள்ளை மக்கு என்று முடிவு கட்டுவது நம் பழக்கம். அந்த மக்குக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? "மண்டைக்குள்ள என்ன களிமண்ணா?" எத்தனை ஆசிரியர் அறைகளில், எத்தனை வீட்டுத் திண்ணைகளில் கேட்டிருக்கிறேன்! அப்படித் திட்டி வாயை அடைத்த பிள்ளைக்கு இன்று காசு கொடுத்துக் களிமண் வாங்கித் தருகிறோம்.

அந்தக் களிமண் லேசுப்பட்டதல்ல. கண்மாயில் வெட்டி, காயவைத்து, ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதம் பார்க்க வேண்டும். சக்கரத்தில் நடுவாக நிற்காவிட்டால் தூக்கி அடித்துவிடும். நம் ஊர்ப் பானை சக்கரத்திலேயே முழுசாக வந்துவிடுவதும் இல்லை. வாயும் கழுத்தும்தான் அங்கே. பாதி காய்ந்த பிறகு உள்ளே கல்லை வைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடிப்பாகத்தை மூடுவார்கள். அப்புறம் நிழலில் காய வேண்டும், சூளைக்குப் போக வேண்டும். நடுவில் மழை வந்தால் அவ்வளவும் பாழ். இதை இரண்டு மணி நேரத்தில் யார் முடிப்பது?

இந்த வேலையில் இருப்பவருக்குத் தன்னைத் தேட நேரம் ஏது? மண்ணை அல்லவா கவனிக்க வேண்டும்? மானாமதுரைக் கடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் ரயில் ஏறினால் சிவகங்கை தாண்டி மானாமதுரை. கடம் செய்ததற்காகவே சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கிய மீனாட்சி அம்மாளின் ஊர். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே தட்டுபவரின் காது முழுக்கப் பானையின் ஒலியில் இருக்கும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு, மறுக்கவில்லை. யாரும் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் விளம்பரக்காரர்களோ செல்போனை நீட்டி மறுபடி முகத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள்!

நம் மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. அவை பானைக்கு உரியவர்களின் பெயர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வனைந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. புரவி எடுப்பிலும் அப்படித்தான். ஊர் பிடிமண் கொடுத்த பிறகு வேளார் ஐயனாருக்குக் குதிரை செய்வார். அது கோயில் வாசலில் வெயிலிலும் மழையிலும் கரையும், அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். ஜப்பானில் 1920களில் யானகி சோயெட்சு என்பவர் பெயர் தெரியாத கைவினைஞர் செய்த பாண்டங்களில்தான் அழகு இருக்கிறது என்று ஒரு இயக்கமே நடத்தினார். 'நான்' என்பதை ஒதுக்கி வைக்கிற தொழிலைப் பிடித்து, 'உன்னைக் கண்டுபிடி' என்று விற்கிறார்கள் இப்போது.

இன்னொன்றும் உறுத்துகிறது. வேளார் வீட்டுப் பிள்ளை வகுப்பில் எழுந்து அப்பா தொழிலைச் சொல்லத் தயங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே வேலையை ஏப்ரன் கட்டிக்கொண்டு, இங்கிலீஷில் பேசிக்கொண்டு செய்தால் சுயதேடலாம்! கார்த்திகைக்கு அகல்விளக்கு வாங்கும்போது ரெண்டு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், இதற்கு மட்டும் கேட்ட கட்டணத்தைக் கொடுக்கிறார்கள்.

"அதனால் குயவர்களுக்கும் பிழைப்பு கிடைக்குதே அத்தை" என்றான் அண்ணன் மகன். கிடைத்தால் சந்தோஷம். கட்டணத்தில் சக்கரம் சுற்றுகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுச் சொல் என்றேன். இன்னும் பதில் வரவில்லை. மண்பாண்டத்துக்குக் கண்மாய் மண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்கலாம் என்று 2024இல் அரசு எளிதாக்கியிருக்கிறது. அது நல்ல காரியம். ஆனால் அந்த மண்ணில் செய்ததை நியாயமான விலைக்கு வாங்க வேண்டியவர்கள் நாம்தானே?

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளியில் வாரம் ஒரு பிரிவேளை மண் வேலைக்கு ஒதுக்குங்கள். பேசுகிற பிள்ளை, பேசாத பிள்ளை எல்லாரும் செய்யட்டும். சொல்லிக்கொடுக்கப் பக்கத்து ஊர் வேளாரைக் கூப்பிடுங்கள், நாற்காலி போட்டு உட்காரவையுங்கள், பிள்ளைகள் அவரை 'சார்' என்று கூப்பிடட்டும், மதிப்பூதியத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். முதல் பள்ளிக்கு ஒரு வருட மதிப்பூதியத்தை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். எந்தப் பள்ளி என்று கீழே எழுதுங்கள்.