சமையல் அறையில் ஓடிய எஞ்சின்!

1893-ம் ஆண்டு. டிசம்பர் 24-ந் தேதி. விடிந்தால் கிறிஸ்துமஸ்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். பாக்லி தெருவில் 58-ம் எண் வீடு. வாடகை வீடு. சமையல் அறையில் கிளாரா அம்மாள் பண்டிகை வேலையில் இருந்தார். கைக்குழந்தை பிறந்து 48 நாள்தான் ஆகியிருந்தது.

அப்போது கணவர் உள்ளே வந்தார். கையில் ஒரு பலகை. பலகைமேல் ஒரு சின்ன எஞ்சின். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதை வைத்து இறுக்கினார். விளக்குக்கு வரும் மின்சாரத்தில் இருந்து ஒரு கம்பியை இழுத்து எஞ்சினில் மாட்டினார். மனைவியை அழைத்து, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்.

நல்ல நாளும் அதுவுமாக அடுப்படியில் இது என்ன கூத்து என்று கிளாரா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் யார் குறை சொல்வார்கள்? ஆனால், அவர் கைவேலையை வைத்துவிட்டுப் பெட்ரோலை வாங்கிக்கொண்டார்.

கணவர் சக்கரத்தைச் சுற்றினார். எஞ்சின் ஓடியது! தொட்டி கிடுகிடு என்று ஆடியது. புகை வரும் துளையில் தீ சீறியது.

அந்தக் கணவர்தான் ஹென்றி போர்டு. பின்னாளில் மோட்டார் கார் மன்னர் என்று பெயர் எடுத்தவர். அன்று அவருக்கு வயது 30.

பழைய குழாய், பழைய சக்கரம்

அந்த எஞ்சினை எதைக்கொண்டு செய்தார் தெரியுமா? எரிவாயு போகும் குழாயில் ஒரு துண்டு. அதன் உள் அகலம் ஒரு அங்குலம். சுழலும் சக்கரம், லேத் என்னும் கடைசல் எந்திரத்தின் பழைய கைச்சக்கரம்.

குழாய்க்குள் பிஸ்டன் என்ற கட்டை முன்னும் பின்னும் ஓடும். அது பின்வாங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். தீப்பொறி பட்டதும் வெடிக்கும். வெடித்த வேகம் பிஸ்டனைத் தள்ளும். சக்கரம் சுழலும். இவ்வளவுதான்!

சொல்வது எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். பிஸ்டன் கொஞ்சம் தளர்ந்தால், வேகம் எல்லாம் பக்கவாட்டில் நழுவிவிடும். கொஞ்சம் இறுகினால், அசையாது. அரத்தால் ராவ வேண்டும். போட்டுப் பார்க்க வேண்டும். கழற்றி மறுபடியும் ராவ வேண்டும்.

இந்த எஞ்சின் ஒரு வண்டியையும் இழுக்கவில்லை. ஒரு படி மாவுகூட அரைக்கவில்லை. ஒரு காசு சம்பாதிக்கவில்லை. அதனால் இது வீண் வேலையா? இல்லை என்பேன். புத்தகம் படித்து வராத அறிவு இதில் வந்தது. அந்த அறிவோடுதான் போர்டு அடுத்த வேலையைத் தொடங்கினார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு வண்டி செய்தார். சைக்கிள் சக்கரம் போல நான்கு சக்கரம். 1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, பொழுது விடியுமுன் வண்டி தயார். ஆனால், கொட்டகை வாசல் சின்னது. வண்டி வெளியே வராது! கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்தார். எஞ்சினை ராவி ராவிச் செய்தவருக்கு வாசலை அளக்கத் தோன்றவில்லை.

பாதிப் புகழ் யாருக்கு?

புகழ் எல்லாம் போர்டுக்கே போயிற்று. பாதி கிளாராவுக்குச் சேரவேண்டும் என்பது என் கட்சி. பெட்ரோல் ஊற்றியதற்காக மட்டும் அல்ல.

கிராமத்தில் சொந்த வீடு இருந்தது. அதை விட்டு, 1891-ல் கணவரோடு நகரத்துக்கு வந்தார். கணவருக்கு மின்சாரக் கம்பெனியில் மாதம் 45 டாலர் சம்பளம். பிறகு சம்பளம் உயர்ந்தது. குடும்பச் செலவு போக மிஞ்சியது எல்லாம் எஞ்சின் சோதனைக்கே போயிற்று.

1899-ல் கம்பெனி பெரிய பதவி தர முன்வந்தது. ஒரு நிபந்தனை: பெட்ரோல் எஞ்சின் வேலையை விட்டுவிட வேண்டும். கையில் சேமிப்பு இல்லை. மகனுக்கு ஆறு வயது நிறையவில்லை. போர்டு வேலையை விட்டார். கிளாரா சம்மதித்தார்.

உடனே பணம் கொட்டிவிடவில்லை. முதல் மோட்டார் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவதில் இருந்து போர்டு விலகினார். 1903-ல் தொடங்கியதுதான் நிலைத்தது. பிற்காலத்தில் யூதர்களைப் பழித்து அவருடைய பத்திரிகை எழுதியதை என்னால் மன்னிக்க முடியாது. அது வேறு கதை.

ஒன்றை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், சமையல் அறையில் பெட்ரோலும் தீப்பொறியும்! அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அன்று தப்பியது அதிர்ஷ்டம்.

ஆனால், பையன் பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் உடனே முதுகில் வைக்காதீர்கள். ஓர் அரமும் திருப்புளியும் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் ஒரு மூலையைக் கொடுங்கள். பெண் கேட்டாலும் கொடுங்கள். அடுப்படி மட்டும் வேண்டாம்!

அந்தச் சின்ன எஞ்சின் இப்போது டெட்ராய்ட்டுக்கு அருகில் டியர்பான் நகரில், போர்டு பெயரால் உள்ள காட்சிசாலையில் இருக்கிறது.