காக்கிச் சட்டைக்கும் சங்கம் வேண்டும்

வாளையாறிலும் குமுளியிலும் இரு மாநிலக் காவலர்கள் கூப்பிடு தூரத்தில் நின்று வாகனங்களைச் சோதிக்கின்றனர். அதே மழை, அதே இரவுப்பணி. ஆனால், கேரளக் காவலர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நிர்வாகிகளைக் கொண்ட, அரசு அங்கீகரித்த சங்கம் ஒன்று அவருக்கு உண்டு. தமிழகக் காவலருக்கு அது இல்லை.

தடையாகக் காட்டப்படுவது 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டமோ, அனுமதியின்றிச் சங்கத்தில் சேரலாகாது என்றுதான் கூறுகிறது. அனுமதிப்பதற்கான கதவு மூடப்படவில்லை. திறக்க மனமில்லாததே உண்மை.

சங்கம் இல்லாததன் விலை என்ன? உயர் அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை அமர்த்தும் ஆர்டர்லி முறை தமிழகத்தில் 1979-லேயே அரசாணை மூலம் ஒழிக்கப்பட்டது. 2022-ல் அதே முறையை ஒழிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் கூற வேண்டியிருந்தது. இடையில் 43 ஆண்டுகள்! காய்கறிப் பையைச் சுமந்தவரால் அரசாணையைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. சுட்டிக்காட்டினால் மறுநாளே இடமாறுதல். 2021-ல் அறிவிக்கப்பட்ட வார விடுப்பும் இன்று நிலைய அதிகாரியின் தயவில்தான் நிற்கிறது.

தொழிலாளர்களை அடிக்கும் தடிக்கு எதற்குச் சங்கம் என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொழிற்தகராறுகளில் காவல்துறை தலையிடாது என்பது 1957-ல் அமைந்த இ.எம்.எஸ். அரசின் கொள்கை. அந்த ஆட்சியிலேயே, 1958-ல் மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பறிபோயின. அரசு இயந்திரத்தின் குணம் அமைச்சரவை மாறியதும் மாறிவிடுவதில்லை. சங்கம் அமைந்ததும் மாறிவிடாது. கேரளத்திலும் காவல் மரணங்கள் நின்றுவிடவில்லை. தவறு செய்தவரைக் காக்கும் கேடயமாகவோ, ஆளும் கட்சியின் வாலாகவோ, அது இடதுசாரிக் கட்சியே ஆனாலும், காவலர் சங்கம் ஆகிவிடக் கூடாது.

ஆயினும் சாத்தான்குளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 2020-ல் தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டதை நீதித்துறை நடுவரிடம் சொல்ல முன்வந்தவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். அச்சத்தோடுதான் அவர் சாட்சியம் அளித்தார். சட்டவிரோத உத்தரவை மறுக்கும் கடைநிலைக் காவலருக்குத் துணை நிற்க இன்று எந்த அமைப்பும் இல்லை. தமிழக அரசு 1966 சட்டத்தின் கீழான அனுமதியை வழங்கி, கடைநிலைக் காவலர்களின் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். அதன் முதல் கோரிக்கைப் பட்டியலில் எட்டு மணி நேர வேலையோடு, சித்திரவதைக்கு உடன்பட மறுக்கும் காவலருக்கான பாதுகாப்பும் இடம்பெற வேண்டும்.