சுந்தர பாண்டியன் மீது சுமத்தப்பட்ட பழி

தந்தையைக் கொன்றவன், உடன்பிறந்தானோடு பொருதவன், தில்லிப் படையைத் தமிழகத்திற்கு அழைத்தவன். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் மைந்தன் சுந்தர பாண்டியனைப் பற்றி மேடைகளிலும் பாடக் குறிப்புகளிலும் வழங்கிவரும் செய்திகள் இவை. (திருவரங்கத்திற்குப் பொன் வேய்ந்த முந்தைய சடாவர்மன் சுந்தர பாண்டியன் வேறு, இவன் வேறு.) இப்பழிகள் எச்சான்றின்மேல் நிற்கின்றன என்று ஆராய்வது நம் கடமையாகும்.

கி.பி. 1268இல் அரியணை ஏறிய குலசேகரன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டான். அவன் காலத்தில் காயல் துறைமுகம் அரபு, பாரசீக வணிகத்தால் செழித்தது. ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கின. தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்னும் முஸ்லிம் பெருமகனார் அவ்வரசில் அமைச்சராய்த் திகழ்ந்தார். அத்தகைய அரசு, 1310இல் அரசுரிமைப் பூசலால் நிலைகுலைந்தது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபு கூறுவது இது: சுந்தரன் பட்டத்தரசியின் மகன், வீர பாண்டியன் காமக்கிழத்தியின் மகன். தந்தை வீரனையே விரும்பினான். வெகுண்ட சுந்தரன் தந்தையைக் கொன்றான். பின்னர்ப் போரில் தோற்றுத் தில்லியில் அடைக்கலம் புகுந்தான். பழிகள் பெரும்பாலும் இவ்வொருவர் கூற்றையே பற்றி நிற்கின்றன. வஸ்ஸாபு பாரசீகத்திலிருந்து எழுதியவர். கடல் கடந்து சென்ற செய்தி எத்தனை வாய்களில் புகுந்து அவரை எட்டியதோ!

கல்வெட்டுகள் வேறொன்றை உணர்த்துகின்றன. தந்தை ஆண்டுகொண்டிருக்கும்போதே வீரனுக்கு 1297ஐ ஒட்டியும், சுந்தரனுக்கு 1303ஐ ஒட்டியும் ஆட்சியாண்டுகள் தொடங்குகின்றன. பாண்டியர் குடியில் ஒரே வேளையில் பலர் முடிசூடி ஆளும் மரபு இருந்தது. மார்க்கோ போலோவும் அரச உடன்பிறந்தார் ஐவரைக் குறிப்பிடுகிறார். எனவே, ஒருவன் உரிமையுடையவன், மற்றவன் உரிமையற்றவன் எனப் பிரிப்பது எளிதன்று. இருவரும் முடி சூடியவர்களே. தந்தைக்குப்பின் தலைமை யாருக்கு என்பதை உறுதி செய்யும் முறை இல்லாமையே பெருங்குறை எனலாம்.

இனி, படையை அழைத்தான் என்னும் குற்றச்சாட்டு. மாலிக் காபூரின் 1311ஆம் ஆண்டுப் படையெடுப்பை உடனடியாக எழுதி வைத்தவர் தில்லி அரசவைப் புலவர் அமீர் குஸ்ரூ. அலாவுதீன் கில்ஜியின் புகழ் பாடுவதே அவர்தம் நோக்கம். அடைக்கலம் தேடி வந்த பாண்டிய இளவரசனுக்காகச் சுல்தான் படை அனுப்பினார் என்பது அந்நோக்கிற்கு எத்துணைப் பொருத்தமான செய்தி! ஆயினும் அவர் அவ்வாறு எழுதவில்லை. சொல்லாமையே முடிந்த சான்றாகாது; எனினும் ஐயம் கொள்ளப் போதுமானது. அவர் எழுதுவதெல்லாம், மதுரை அரண்மனை வெறிச்சோடிக் கிடந்ததையும், அரசன் தேவியருடன் வெளியேறிவிட்டதையும், 512 யானைகளோடு படை திரும்பியதையுமே ஆகும். உதவிக்கு வந்த படை, உதவி கேட்டவனை அரியணையில் அமர்த்தாமலா திரும்பும்?

அதே குஸ்ரூ இன்னொன்றையும் பதிவு செய்கிறார். வீர பாண்டியனின் படையில் முஸ்லிம்கள் பணிபுரிந்தனர் என்பதே அது. அப்போரை இரு சமயங்களின் மோதலாகச் சித்திரிப்போர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். தமிழ் மண்ணில் வாழ்ந்த முஸ்லிம்கள் தமிழ் வேந்தனின் படையில் நின்றனர். வந்த படை பொன்னையும் யானையையும் நாடி வந்தது.

சுந்தரனைக் குற்றமற்றவன் என்று நாம் தீர்ப்பெழுதவில்லை. தந்தைக் கொலை நடந்தும் இருக்கலாம். ஆனால் தொலைவிலிருந்த ஒருவர் கூற்றைக் கொண்டு ஒரு மனிதனைத் தலைமுறை தலைமுறையாகத் துரோகி என்பதும், அதன்வழி ஒரு சமுதாயத்தின்மேல் நிழல் படியச் செய்வதும் நீதியாகா. இச்சான்றுகளை முஸ்லிம் ஆசிரியர்களே எழுதினர் என்பதால் நமக்குப் பொறுப்பு மிகுதி. நமக்கு உவப்பானதை ஏற்று, உவப்பில்லாததைத் தள்ளுவது ஆராய்ச்சியன்று.

மாணவச் செல்வங்களே! பழிச்சொல் ஒன்றைக் கேட்கும்போது, சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார், உடனிருந்த மற்றொருவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இளவரசனுக்கு நாம் காட்டும் இந்நேர்மை, இன்று நம்மிடையே வாழும் மனிதர்க்கும் உரியதாகும்.